இறங்கி அமர ஆறு மாதம்

ஒவ்வோர் ஆண்டும் அக்டோபர் பிறந்தால் வானொலியில் எங்களுக்குக் கூடுதலாக ஒரு வேலை வந்துவிடும். இளஞ்சிவப்பு ரிப்பன் மாதம். மருத்துவர்களை அழைத்துப் பேசுவோம். சுயபரிசோதனை செய்யுங்கள், கட்டி தட்டுப்பட்டால் தள்ளிப்போடாதீர்கள், மெமோகிராம் எடுங்கள் என்று நேயர்களிடம் சொல்வோம். மலேசியப் பெண்களிடையே அதிகம் காணப்படும் புற்றுநோய் இதுதான் என்பதால் எத்தனை முறை சொன்னாலும் தகும். ஆனால் அரை மணி நேர நிகழ்ச்சியில் பேச்சு பெரும்பாலும் அறுவை சிகிச்சை அறையின் வாசலோடு முடிந்துவிடும். அதற்குப் பிறகும் அந்தப் பெண் வீட்டுக்கு வருகிறாள். குளிக்கிறாள், கண்ணாடி பார்க்கிறாள், பிள்ளையைத் தூக்குகிறாள், தீபாவளிக்கு ரவிக்கை தைக்கக் கொடுக்கிறாள். அந்த நாள்களைப் பற்றித்தான் இங்கே எழுத நினைக்கிறேன்.

எனக்கு வயது 36. கடந்த ஆண்டு மார்ச் மாதம் என் இடது மார்பகத்தை அகற்றினார்கள். ஆரம்ப நிலையிலேயே தெரிந்துவிட்டதால் கதிரியக்கச் சிகிச்சை தேவைப்படவில்லை. அகற்றிய அதே அறுவையில் அந்த இடத்தில் ஒரு சிலிகோன் இம்ப்ளாண்டையும் பொருத்தினார்கள். என் அம்மா தோட்டத்துத் தமிழ்ப்பள்ளியில் ஆறாம் ஆண்டு வரை படித்தவர். நாளிதழை முதல் பக்கத்திலிருந்து ராசிபலன் வரை ஒரு வரி விடாமல் படிப்பார். "இதைப் படிங்கம்மா, அடுத்த ஆறு மாசம் இப்படித்தான் இருக்கும்" என்று அவர் கையில் கொடுக்கத் தமிழில் எதுவும் எனக்குக் கிடைக்கவில்லை. நான் மருத்துவர் அல்ல. என் உடம்பில் நடந்ததையும், என் மருத்துவரும் தாதிகளும் பொறுமையாகச் சொல்லிக் கொடுத்ததையும்தான் இங்கே சொல்கிறேன். உங்கள் மருத்துவர் வேறு மாதிரி சொன்னால் அவர் சொல்வதே உங்களுக்குச் சரி.

பார்க்கிறவங்களுக்காகவா?

மார்பகத்தை அகற்றிய பிறகு ஒரு பெண்ணுக்குப் பல வழிகள் உண்டு. ஒன்றும் வைக்காமல் அப்படியே இருக்கலாம். உள்ளாடைக்குள் வைத்துக்கொள்ளும் செயற்கை மார்பகத்தைப் பயன்படுத்தலாம். வயிறு அல்லது முதுகிலிருந்து சொந்தத் தசையையும் கொழுப்பையும் எடுத்து மார்பகம் அமைக்கலாம். அது நீண்ட அறுவை, ஆற அதிக நாளாகும். இல்லையென்றால் இம்ப்ளாண்ட். சிலருக்கு நேராக இம்ப்ளாண்டையே வைத்துவிடுவார்கள். வேறு சிலருக்கு முதலில் பலூன் போன்ற ஒரு விரிப்பானை வைத்து, வாரக்கணக்கில் கொஞ்சம் கொஞ்சமாக உப்புநீர் ஏற்றித் தோலை விரித்து, பிறகு இன்னோர் அறுவையில் அதை எடுத்துவிட்டு இம்ப்ளாண்டைப் பொருத்துவார்கள். எனக்கு நேரடியாகவே, மார்புத் தசைக்குக் கீழே வைத்தார்கள்.

இது புதிய கண்டுபிடிப்பு அல்ல. உலகின் முதல் சிலிகோன் இம்ப்ளாண்ட் அறுவை 1962-இல், அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலத்தில் உள்ள ஹூஸ்டன் நகரில், டிம்மி ஜீன் லிண்ட்சி என்ற பெண்ணுக்குச் செய்யப்பட்டது. பாதுகாப்பு பற்றிய சந்தேகங்களால் 1992-இல் அமெரிக்கா சிலிகோன் இம்ப்ளாண்டுக்குக் கடும் கட்டுப்பாடு விதித்து, 2006-இல்தான் மறுபடியும் பரவலாக அனுமதித்தது. இதையெல்லாம் நான் அம்மாவுக்குச் சொல்லிக்கொண்டிருந்தபோது அவர் கேட்டது ஒரே கேள்விதான். "உசுரு பொழைச்சா போதாதா பாப்பா? இன்னொன்ன எதுக்கு உள்ள வைக்கணும்? பார்க்கிறவங்களுக்காகவா?"

அம்மாவின் கேள்வியில் கோபம் இல்லை, பயம்தான் இருந்தது. எனக்கு உடனே பதில் வரவில்லை. "எனக்காகத்தாம்மா" என்று மட்டும் சொன்னேன். அது முழுப் பதிலாக எனக்கே தோன்றவில்லை.

முதல் பத்து நாள்

கண் விழித்ததும் நான் கவனித்தது நெஞ்சை அல்ல, குரலை. மயக்க மருந்து கொடுக்கும்போது தொண்டைக்குள் குழாய் விடுவதால் குரல் கரகரத்துப் போயிருந்தது. குரலை வைத்துப் பிழைக்கிறவளுக்கு அது சின்ன விஷயமா? இரண்டு நாளில் சரியாகிவிடும் என்றார் தாதி. மூன்றாம் நாள் சரியாகிவிட்டது.

விலாப் பக்கத்திலிருந்து ஒரு மெல்லிய குழாய் வெளியே வந்து சின்னக் குப்பியில் முடிந்தது. உள்ளே ஊறும் நீர் வெளியேறுவதற்கு அது. வீட்டுக்கு வந்த பிறகும் தினமும் காலையிலும் மாலையிலும் அதை அளந்து நோட்டில் எழுத வேண்டும். 24 மணி நேரத்தில் ஏறக்குறைய 30 மில்லிக்கும் கீழே குறைந்தால்தான் எடுப்பார்கள். அம்மா பழைய பருத்திப் புடவையைக் கிழித்து, கழுத்தில் மாட்டிக்கொள்ள ஒரு பை தைத்துக் கொடுத்தார். ஒன்பதாம் நாள் குழாயை எடுத்தார்கள். ஒரு நிமிட வேலை.

கட்டுப் பிரித்துப் பார்த்த நாளைப் பற்றிக் கட்டாயம் சொல்ல வேண்டும். முன்கூட்டியே யாராவது சொல்லியிருக்காவிட்டால் பெண்கள் மனம் உடைவது அந்த இடத்தில்தான். புதிய மார்பகம் இருக்க வேண்டிய இடத்தில் இருக்காது. தோள் எலும்பை நோக்கி ஏறி, மேல் பக்கம் புடைத்து, கீழ்ப்பக்கம் தட்டையாக, கல் போல உட்கார்ந்திருக்கும். தோல் பளபளவென்று இழுத்துக் கட்டியிருக்கும். அங்கங்கே நீலமும் மஞ்சளுமாகக் கன்றியிருக்கும். எனக்கு வலது பக்கத்தைவிட இடது பக்கம் இரண்டு விரல் உயரத்தில் இருந்தது.

மருத்துவர் காரணத்தைச் சொன்னார். மார்புத் தசை, தனக்குக் கீழே புதிதாக ஒன்று வந்திருப்பதைக் கண்டு இறுகிக்கொள்கிறது. அந்த இறுக்கம் இம்ப்ளாண்டை மேலே தள்ளுகிறது. வீக்கமும் சேர்ந்துகொள்கிறது. வாரங்கள் போகப் போக வீக்கம் வடியும், தசை தளரும், கீழ்ப்பக்கத் தோல் இடம் கொடுக்கும். அப்போது இம்ப்ளாண்ட் மெல்ல இறங்கி அமரும். பெரும்பாலும் மூன்றிலிருந்து ஆறு மாதம் ஆகும். "இன்று கண்ணாடியில் பார்ப்பது கடைசி உருவம் அல்ல" என்றார். அந்த ஒரு வாக்கியம் எனக்கு நிறைய உதவியது.

சுவரில் ஏறும் விரல்கள்

இரண்டாம் வாரத்திலிருந்து வலியைவிட இறுக்கம்தான் பெரிதாகத் தெரிந்தது. இரும்பில் செய்த கச்சையை யாரோ இறுக்கிப் பூட்டிவிட்டு சாவியை எடுத்துக்கொண்டு போனது மாதிரி இருக்கும். ஆழமாக மூச்சு இழுத்தால் பாதியில் நிற்கும். நடு நடுவே ஊசி குத்துவது போலவும் மின்சாரம் பாய்வது போலவும் சுரீர் என்று ஒரு வலி வந்து போகும். வெட்டுப்பட்ட நரம்புகள் ஆறும்போது இப்படி வருவது வழக்கம் என்றார்கள்.

மருத்துவர் அனுமதித்த பிறகு கைப்பயிற்சி. சுவரைப் பார்த்து நின்று, விரல்களால் சிலந்தி மாதிரி மேலே ஏற வேண்டும். எட்டிய இடத்தில் என் மகள் பென்சிலால் கோடு போட்டு, பக்கத்தில் தேதி எழுதுவாள். அவள் பள்ளியில் சேர்ந்த ஆண்டு முதல் அவளுடைய உயரத்தைக் குறித்து வரும் அதே சுவர். முதல் கோடு என் தோளுக்கும் கீழே. ஆறாம் வாரத்தில் தலைக்கு மேலே ஒரு சாண் ஏறியிருந்தது.

தூக்கம் மல்லாந்துதான். தலையணைகளை அடுக்கிச் சாய்ந்தபடி. காரில் போகும்போது இருக்கைப் பட்டைக்கும் நெஞ்சுக்கும் நடுவே ஒரு குட்டித் தலையணை. உள்ளாடை முன்பக்கம் திறக்கும் வகை, உள்ளே கம்பி இல்லாதது. அரிசி மூட்டை, ஈரத்துணி வாளி, பிள்ளை - எதையும் தூக்கக்கூடாது. நீவி விடலாமா என்று கேட்டேன். இம்ப்ளாண்டின் வகையைப் பொறுத்துச் சிலருக்கு நீவச் சொல்வார்கள், சிலருக்குக் கூடவே கூடாது. சொல்லாமல் தொடாதீர்கள் என்றார் மருத்துவர்.

சாப்பாடு பற்றிய பேச்சு நம் வீடுகளில் வராமல் இருக்காது. இறால் வேண்டாம், முட்டை வேண்டாம், புண் அரிக்கும் என்றார் சித்தி. பக்கத்து வீட்டு மலாய்க்கார அக்கா ஹாருவான் மீன் சூப் கொண்டு வந்து கொடுத்தார். நம்மவர்கள் விரால் என்று சொல்லும் அதே மீன்தான். மருத்துவரிடம் கேட்டபோது, ஒவ்வாமை இல்லாத எதையும் சாப்பிடலாம், புண் ஆற புரதம் வேண்டும், மூலிகை மருந்து எதையும் கேட்காமல் எடுக்கக்கூடாது, வீட்டில் யாரும் சிகரெட் பிடித்தால் வெளியே போகச் சொல்லுங்கள் என்றார். மீன் சூப் தொடர்ந்தது. முட்டையும் திரும்பி வந்தது.

ஒத்தடம் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். இறுக்கம் என்று நான் முனகியதும் அம்மா உப்பை வறுத்துத் துணியில் கட்டிக்கொண்டு வந்துவிட்டார். நல்லவேளை, வீட்டுக்கு அனுப்பும் முன்பே தாதி அதைச் சொல்லியிருந்தார். மார்பகத்தை எடுத்த இடத்தில் தோலுக்கு உணர்ச்சி இருக்காது. சூடு தெரியாது. தெரியாமலேயே வெந்துவிடும். "மிஸ்ஸி சொன்னாங்களா? அப்ப வேணாம்" என்று அம்மா அந்த மூட்டையைத் தன் முழங்காலில் வைத்துக்கொண்டார்.

குளிரும் கும்பிடும்

ஆறாம் வாரம் வேலைக்குத் திரும்பினேன். ஹெட்போன் மாட்டி வைக்கும் கொக்கி தோளுக்கு மேலே இருந்தது. சக அறிவிப்பாளர் அதைக் கழற்றி மேசை ஓரத்தில் அடித்துக் கொடுத்தார். ஒரே மூச்சில் வாசித்த வாக்கியங்களை இரண்டாக உடைத்து எழுதிக்கொண்டேன். நேயர்கள் யாரும் கண்டுபிடிக்கவில்லை. மூன்றாம் மாதம் பழைய மூச்சு திரும்பியது.

அந்த மூன்றாம் மாதத்தில்தான் உருவமும் மாறியது. ஒரே நாளில் அல்ல. மேல் பக்கப் புடைப்பு குறைந்து, கீழ்ப்பக்கம் நிறைந்து, கல் மெதுவாகப் பழமானது. இரண்டு விரல் வித்தியாசம் ஒரு விரலாகி, பிறகு அரை விரலாகியது. ஆறாம் மாதத்துக்குப் பிறகு பெரிய மாற்றம் இல்லை. தழும்பு மட்டும் இன்னும் மாறிக்கொண்டிருக்கிறது. அது மங்க ஓர் ஆண்டுக்கு மேலும் ஆகலாம். நம்மைப் போன்ற மாநிறத் தோலில் தழும்பு தடித்துப் போகும் வாய்ப்பு கூடுதல் என்பதால், புண் நன்றாக மூடிய பிறகு சிலிகோன் ஒட்டுப்பட்டை போடச் சொன்னார்கள்.

யாரும் எதிர்பார்க்காத இரண்டு விஷயங்கள் உண்டு. ஒன்று, குளிர். வானொலி நிலையத்தின் ஒலிப்பதிவு அறையில் இயந்திரங்களுக்காகக் குளிர்சாதனம் எப்போதும் அதிகமாக இருக்கும். இரண்டு மணி நேரம் உட்கார்ந்து எழுந்தால் இடது பக்கத்தைக் கையால் தொடும்போது சில்லென்றிருக்கும். இம்ப்ளாண்டுக்கு ரத்த ஓட்டம் கிடையாது அல்லவா? மற்ற உடம்பைவிட மெதுவாகச் சூடேறும். இப்போது என் நாற்காலியில் ஒரு சால்வை நிரந்தரமாகக் கிடக்கிறது.

இன்னொன்று, கும்பிடு. கோயிலில் இரண்டு கைகளையும் சேர்த்து அழுத்திக் கும்பிட்டபோது இடது மார்பகம் தானாக நகர்ந்தது. திடுக்கிட்டுப் போனேன். கைகளைச் சேர்த்து அழுத்தினால் மார்புத் தசை சுருங்கும். தசைக்குக் கீழே இம்ப்ளாண்ட் இருப்பவர்களுக்கு அது அசைவது இயல்பு. வலி இல்லை, ஆபத்து இல்லை. ஊறுகாய் போத்தல் மூடியைத் திறக்கும்போதும் அப்படித்தான். முருகன் முன்னால் இப்போது கைகளை லேசாகச் சேர்த்துக்கொள்கிறேன்.

திரும்பி வராததும் ஒன்று இருக்கிறது. உணர்ச்சி. சிலருக்கு ஓரங்களில் கொஞ்சம் திரும்பும், பலருக்கு முழுமையாகத் திரும்புவதில்லை. என் மகள் இரவில் இடது பக்கம் தலை வைத்துப் படுப்பாள். அவள் கனம் விலா எலும்பில் தெரிகிறது. அவள் கன்னத்தின் சூடு தெரிவதில்லை. அதைச் சொன்னதும் அவள் வலது பக்கம் மாறிப் படுத்தாள். "இங்கே தெரியுதாம்மா?" என்றாள். தெரிந்தது.

ரவிக்கை அளவு

தீபாவளிக்கு முன்பு, கிள்ளானில் எனக்குப் பல ஆண்டுகளாகத் தைக்கும் ஆண்ட்டியிடம் போனேன். ஏழாவது மாதம். அளவு நாடாவைச் சுற்றினார். ஒரு நிமிடம் நின்றார். இடது பக்கம் தனியாக, வலது பக்கம் தனியாக அளந்து இரண்டையும் நோட்டில் எழுதினார். எதுவும் கேட்கவில்லை. நானே சொன்னேன். "என்கிட்ட தைக்கிறவங்கள்ல நீ மட்டும் இல்லம்மா" என்றார். "அரை இஞ்சு உள்பக்கம் துணி விடறேன். வெளியில தெரியாது. உனக்கும் அழுத்தாது." யாருக்குமே இரண்டு பக்கமும் ஒரே அளவு கிடையாது என்பது நாற்பது ஆண்டு அனுபவத்தில் அவர் சொன்ன செய்தி.

எப்போது மருத்துவரிடம் ஓட வேண்டும்?

மெதுவாக மாறுவதெல்லாம் பெரும்பாலும் நல்லது. திடீரென்று மாறுவதைத்தான் கவனிக்க வேண்டும். முதல் வாரங்களில் ஒரு பக்கம் சட்டென்று வீங்கினாலோ, சிவந்து சூடேறினாலோ, காய்ச்சல் வந்தாலோ, தையலிலிருந்து நீர் கசிந்தாலோ அடுத்த சந்திப்பு நாள் வரை காத்திருக்கக்கூடாது.

இம்ப்ளாண்டைச் சுற்றி உடம்பு ஒரு மெல்லிய உறையைக் கட்டிக்கொள்ளும். அது எல்லாருக்கும் நடப்பது. சிலருக்கு அந்த உறை தடித்துச் சுருங்கும். அப்போது இறங்கி அமர்ந்த மார்பகம் மறுபடி இறுகும், மேலே ஏறும், உருவம் கோணும், வலிக்கும். கதிரியக்கச் சிகிச்சை பெற்றவர்களுக்கு இந்த வாய்ப்பு கூடுதல். சிலருக்கு இன்னோர் அறுவை தேவைப்படும்.

ஆண்டுகள் கழித்து ஒரு பக்கம் காரணமில்லாமல் வீங்கினாலும் காட்ட வேண்டும். சொரசொரப்பான மேற்பரப்பு கொண்ட இம்ப்ளாண்டுகளோடு தொடர்புடைய ஓர் அரிய வகை நிணநீர்ப் புற்று உண்டு. அதன் காரணமாக 2019 ஜூலையில் அத்தகைய ஒரு தயாரிப்பு உலகச் சந்தையிலிருந்தே திரும்பப் பெறப்பட்டது. அறிகுறி இல்லாதவர்கள் பயந்து அதை எடுக்க வேண்டியதில்லை என்பதே அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகத்தின் நிலைப்பாடு. ஆனால் தன் உள்ளே இருப்பது எந்த வகை என்று ஒவ்வொரு பெண்ணுக்கும் தெரிந்திருக்க வேண்டும். அறுவைக்குப் பிறகு இம்ப்ளாண்டின் பெயர், அளவு, வரிசை எண் எழுதிய ஓர் அட்டை தருவார்கள். நான் அதை அடையாள அட்டையின் நகலோடு சேர்த்து வைத்திருக்கிறேன். கணவரிடமும் ஒரு படம் இருக்கிறது.

இம்ப்ளாண்ட் ஆயுள் முழுக்க வரும் பொருள் அல்ல. சிலிகோன் இம்ப்ளாண்ட் உள்ளே கிழிந்தால் வெளியே தெரியாமலும் போகலாம். அறிகுறி இல்லாவிட்டாலும் ஐந்து அல்லது ஆறு ஆண்டுகளில் ஒரு முறை, பிறகு இரண்டு மூன்று ஆண்டுக்கு ஒரு முறை அல்ட்ராசவுண்ட் அல்லது எம்.ஆர்.ஐ. எடுத்துப் பார்க்கலாம் என்பது அந்த அமைப்பின் பரிந்துரை. மற்ற மார்பகத்துக்கு மெமோகிராம் வழக்கம்போல் தொடர வேண்டும். புதிய மார்பகத்தின் பக்கம் தோலிலோ அக்குளிலோ கட்டி தட்டுப்பட்டால் அதையும் காட்ட வேண்டும். செலவையும் இதோடு சேர்த்து யோசியுங்கள். பிற்காலத்தில் மாற்றுவதற்கும் படம் எடுப்பதற்கும் காப்புறுதி பணம் தருமா என்பதை அறுவைக்கு முன்பே எழுத்தில் கேட்டு வாங்கிக்கொள்வது நல்லது.

வீட்டில் இருப்பவர்களுக்கு

பார்க்க வருகிறவர்கள் ஆரஞ்சும் மைலோவும் வாங்கி வருவது அன்புதான். அதைவிட, மேல் அலமாரியில் இருப்பதை எடுத்துக் கீழே வைத்துவிட்டுப் போங்கள். துணி காயப் போடுங்கள். பிள்ளையைப் பள்ளியில் விடுங்கள். "எப்படி இருக்கு, காட்டு" என்று கேட்காதீர்கள். அவளாகக் காட்டினால் முகத்தைத் திருப்பாதீர்கள். கணவன்மார்களுக்கு ஒன்று: ஒன்றும் மாறவில்லை என்று சொல்ல வேண்டியதில்லை. மாறியிருக்கிறது என்று அவளுக்குத் தெரியும். என் கணவர் தினமும் காலையில் அந்த நோட்டில் மில்லிக் கணக்கை எழுதினார். எனக்கு அது போதுமானதாக இருந்தது.

அம்மாவின் கேள்விக்கு வருகிறேன். இந்தப் பதினான்கு மாதங்களில் என்னோடு மருத்துவமனைக்கு வந்த பெண்கள் சிலரைப் பார்த்திருக்கிறேன். ஒருவர் எதுவும் வைக்காமல் தட்டையாகவே இருக்க முடிவு செய்தார். அவருடைய நடையில் ஒரு குறையும் இல்லை. அதனால் இம்ப்ளாண்ட் வைத்தால்தான் ஒரு பெண் முழுமை என்று நான் ஒருபோதும் சொல்ல மாட்டேன். என்னைப் பொறுத்தவரை, காலையில் உடுத்தும்போது நோயின் ஞாபகம் வராத ஒரு நாள் வேண்டும் என்று ஆசைப்பட்டேன். அந்த நாள் எட்டாவது மாதத்தில் ஒரு செவ்வாய்க்கிழமை வந்தது. உடுத்தி, தலை வாரி, வேலைக்குப் போய், மதியம் சாப்பிடும்போதுதான் இன்று கண்ணாடியில் அந்தப் பக்கத்தை நான் பார்க்கவே இல்லை என்பது உறைத்தது. உடனே அம்மாவைக் கூப்பிட்டுச் சொன்னேன்.

மறுமுனையில் கொஞ்ச நேரம் சத்தமில்லை. பிறகு கேட்டார்: "சரி பாப்பா. சாப்பிட்டியா?"